கைபேசி தொலைந்தது: இருபடிச் சரிபார்ப்பில் சிக்கிய கூகுள், கிட்ஹப் கணக்குகளை மீட்க வழி உண்டா?

நாஞ்சில்நிரலன் | புதன், இரவு 9.40

அனைவருக்கும் வணக்கம். நேற்று மாலை திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவிலுக்குத் திரும்பும் பேருந்தில் என் கைபேசியைத் தொலைத்துவிட்டேன். வள்ளியூரைத் தாண்டிய பிறகே சட்டைப்பை காலியாக இருப்பதை உணர்ந்தேன். பக்கத்து இருக்கைக்காரரின் கைபேசியிலிருந்து அழைத்தபோது முதல் இரண்டு முறை மணி ஒலித்தது. மூன்றாம் முறை அணைக்கப்பட்டிருந்தது. வீடு வந்ததும் வாடிக்கையாளர் சேவை எண்ணை அழைத்துச் சிம்மை முடக்கச் செய்தேன். கைபேசி போனதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். அதோடு சேர்ந்து என் கணக்குகளின் கதவும் சாத்திக்கொண்டதுதான் இப்போது பெரும் துன்பமாக இருக்கிறது.

நான் வீட்டிலிருந்தபடி இணையதளங்களுக்கு நிரல் எழுதித் தருபவன். என் கூகுள் கணக்கு, நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளத்தின் கணக்கு இரண்டிலும் இருபடிச் சரிபார்ப்பு, அதாவது கடவுச்சொல்லுக்குப் பின் இன்னொரு குறியீட்டையும் கேட்கும் பாதுகாப்பு, உண்டு. இரண்டுக்கும் உரிய ஆறிலக்கக் குறியீடுகளைக் கூகுள் ஆத்தென்டிகேட்டர் செயலியே தந்துவந்தது. அச்செயலியை எந்தக் கணக்கோடும் இணைக்காமல் பயன்படுத்தியதால் மேகச் சேமிப்பில் அதன் பிரதி இல்லை. கடவுச்சொற்கள் இரண்டும் நன்றாக நினைவில் உள்ளன. ஆனால் கடவுச்சொல்லை இட்டவுடன் இரு தளங்களும் குறியீட்டைக் கேட்கின்றன, அதற்கு மேல் என்னால் ஓரடிகூட எடுத்துவைக்க முடியவில்லை.

நான் செய்த பிழையையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கைபேசி தொலைந்த இரவு என் மடிக்கணினியில் கூகுள் கணக்கு திறந்தே இருந்தது. வெளியேறி மீண்டும் நுழைந்தால் வேறு வழி ஏதேனும் காட்டும் என்று எண்ணி வெளியேறினேன். அதுவும் போதாதென்று, தளங்கள் என்னை அடையாளம் காண உலாவியில் வைத்திருக்கும் குக்கிகள் அனைத்தையும் அழித்தேன். இப்போது அந்த மடிக்கணினியும் என்னை அந்நியனாகவே பார்க்கிறது.

செயலி கைவசம் இல்லாதபோது பயன்படுத்தக் கூகுள் தந்த பத்துக் காப்புக் குறியீடுகள் அடங்கிய கோப்பு பதிவிறக்கக் கோப்புறையில் கிடைத்தது. மகிழ்ச்சியோடு ஒவ்வொன்றாக இட்டுப் பார்த்தேன், ஒன்றும் ஏற்கப்படவில்லை. பின்னர் எப்போதோ புதிய தொகுதி ஒன்றை உருவாக்கிவிட்டுச் சேமிக்க மறந்திருக்கிறேன் போலும். மீட்பு மின்னஞ்சலாக நான் கொடுத்திருந்தது கல்லூரி முகவரி. படிப்பு முடிந்ததும் அது மூடப்பட்டுவிட்டது. மீட்பு எண் தொலைந்த சிம்முக்கு உரியது. கிட்ஹப் தந்த மீட்புக் குறியீடுகளை எங்கே வைத்தேன் என்பதே தெரியவில்லை.

வரும் திங்களன்று ஒரு வாடிக்கையாளருக்கு வேலையை ஒப்படைக்க வேண்டும். எதை முதலில் செய்ய வேண்டும், எதைச் செய்யவே கூடாது என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

வைகைக்கரை | புதன், இரவு 10.25

முதலில் செய்யக் கூடாததைச் சொல்கிறேன்: இன்று இரவு இனிமேல் எந்தக் குறியீட்டையும் ஊகித்து இட்டுப் பார்க்காதீர்கள். திரும்பத் திரும்பத் தவறும்போது அந்தத் தளம் உங்களைத் திருடனாகவே கணக்கில் வைத்துக்கொள்ளும். பிறகு நீங்கள் சரியானதை இட்டாலும் அது காத்திருக்கச் சொல்லும்.

சிம்மை முடக்கியது சரியான செயல். நாளைக் காலை அடையாள ஆவணத்தோடு சேவை மையத்துக்குச் சென்று அதே எண்ணில் டூப்ளிகேட் சிம் வாங்குங்கள். வாங்கியவுடன் ஓடிபி வரவில்லையே என்று பதறாதீர்கள். சிம்மை மாற்றி ஏமாற்றும் மோசடிகளைத் தடுக்க, புதிய சிம் செயல்படத் தொடங்கியதிலிருந்து 24 மணி நேரம் குறுஞ்செய்தி வசதியை நிறுத்திவைக்க வேண்டும் என்று தொலைத்தொடர்புத் துறை 2022 நவம்பரில் உத்தரவிட்டது. ஆகவே நாளை நண்பகலில் சிம் உயிர் பெற்றால் வெள்ளி நண்பகல்வரை குறுஞ்செய்தி வராது. அந்த இடைவெளியில் வேறு வேலை பாருங்கள்.

காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீதை வாங்கி வையுங்கள். கைபேசி வாங்கிய பெட்டியிலோ ரசீதிலோ அந்தக் கருவிக்கே உரிய அடையாள எண்ணான ஐஎம்இஐ எண் இருக்கும். அதையும் புகாரின் நகலையும் கொண்டு தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில், தொலைந்த கைபேசிகளை முடக்குவதற்கான சிஇஐஆர் பகுதியில் விண்ணப்பித்தால், அந்தக் கருவியை இந்திய வலையமைப்புகளில் பயன்படுத்த முடியாமல் முடக்கிவிடுவார்கள். அந்த விண்ணப்பத்துக்கும் ஓடிபி வேண்டும் என்பதால் சிம், புகார், பின்னர் முடக்கம் என்ற வரிசையே நடைமுறைக்கு ஒத்துவரும். வங்கிக்கும் ஒரு சொல் சொல்லி, யுபிஐயைத் தற்காலிகமாக நிறுத்தச் சொல்லுங்கள்.

இனி உங்கள் கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். இத்தகைய நிலையில் எல்லோரும் நிறுவனத்துக்கு எழுதி, தாம் யார் என்று வாதாடிப் புரியவைக்கவே முயல்கிறார்கள். ஆனால் அடையாள அட்டையை அனுப்பியோ அழுதோ திறக்க முடியாதபடிதான் இந்தப் பூட்டைச் செய்திருக்கிறார்கள். உங்கள் அழுகை எடுபடுமானால் உங்களைப்போல் அழத் தெரிந்த மோசடிக்காரனின் அழுகையும் எடுபடும். ஆகையால் உங்களை ஏற்கெனவே அறிந்த கருவி ஒன்று வீட்டில் எங்கேனும் மிச்சம் இருக்கிறதா என்று தேடுவதே முதல் வேலை. பழைய கைபேசி உண்டா? அலுவலகக் கணினி, நண்பர் வீட்டு டேப்லெட் எதிலாவது உங்கள் கணக்கு திறந்திருக்கிறதா? வீட்டில் யாருடைய யூடியூபாவது உங்கள் பெயரில் ஓடிக்கொண்டிருக்கிறதா? அப்படி ஒன்று அகப்பட்டால் அதிலிருந்து வெளியேறாதீர்கள், எதையும் அழிக்காதீர்கள், அதில் கடவுச்சொல்லைக்கூட இப்போது மாற்றாதீர்கள். தொலைந்த கைபேசியைத் தொலைவிலிருந்து பூட்ட மட்டும் செய்யுங்கள். உள்ளடக்கத்தை அழிக்கும் கட்டளையை அனுப்பினால் பிறகு அது இருக்கும் இடத்தைத் தேட முடியாது.

கொங்குத்தறி | வியாழன், காலை 7.15

கூகுளைப் பற்றி வைகைக்கரை ஐயா சொல்லிவிட்டார். நான் கிட்ஹப்பை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அங்கே நிரல் பங்களிப்பவர்கள் அனைவரும் 2023 இறுதிக்குள் இருபடிச் சரிபார்ப்பை இயக்க வேண்டும் என்ற விதி வந்தபோது பலர் அவசரத்தில் க்யூஆர் படத்தை மட்டும் பிடித்துவிட்டு, அடுத்த திரையில் வந்த மீட்புக் குறியீடுகளைப் பதிவிறக்கி அப்படியே விட்டுவிட்டார்கள். நீங்களும் அவர்களுள் ஒருவராக இருக்கலாம். அந்தக் கோப்பு, நீங்கள் பெயர் மாற்றாதிருந்தால், கிட்ஹப் ரெகவரி கோட்ஸ் என்ற பொருள்படும் ஆங்கிலப் பெயரோடு சாதாரண உரைக்கோப்பாகக் கிடக்கும். பதிவிறக்கக் கோப்புறை, பழைய வன்தட்டு, பென்டிரைவ் எல்லாவற்றிலும் ரெகவரி என்ற சொல்லை ஆங்கிலத்தில் இட்டுத் தேடுங்கள். பதினாறு குறியீடுகள் இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு முறைதான் செல்லும்.

அது கிடைக்காவிட்டாலும் உங்கள் தொழிலைப் பொறுத்தவரை நிலைமை நீங்கள் நினைப்பதைவிட நன்றாகவே இருக்கிறது. உங்கள் மடிக்கணினியிலிருந்து எஸ்எஸ்ஹெச் சாவி (கடவுச்சொல்லுக்குப் பதிலாகக் கணினியில் சேமித்துவைக்கும் சாவிக்கோப்பு) வழியாகத்தான் நிரலை அனுப்புகிறீர்கள் என்று எண்ணுகிறேன். அப்படியானால் கட்டளைகளைத் தட்டச்சிடும் டெர்மினலைத் திறந்து வழக்கம்போல் அனுப்பிப் பாருங்கள், அனுப்ப முடியும். வலைத்தளத்தின் நுழைவாயில் கேட்கும் ஆறிலக்கக் குறியீட்டை எஸ்எஸ்ஹெச் கேட்பதில்லை. எனவே திங்களன்று ஒப்படைக்க வேண்டிய வேலை நிற்கப் போவதில்லை.

அதே சாவி கணக்கை மீட்கவும் உதவும். கடவுச்சொல்லை இட்டபின் குறியீடு கேட்கும் பக்கத்தில், இருபடிச் சரிபார்ப்பு மீட்பைத் தொடங்குவதற்கான இணைப்பு இருக்கிறது. அதைத் தொடங்கினால் கணக்கில் பதிந்த மின்னஞ்சலுக்கு ஒரு முறைக் குறியீடு வரும். அதை இட்டபின் இன்னொரு சான்று கேட்பார்கள்: முன்பு நுழைந்து அறிமுகமான கருவி, எஸ்எஸ்ஹெச் சாவி, தனிப்பட்ட அணுகல் டோக்கன் (கடவுச்சொல்லுக்குப் பதிலாகப் பயன்படும் நீண்ட குறியீடு) ஆகிய மூன்றில் ஒன்று. எஸ்எஸ்ஹெச் சாவியைத் தேர்ந்தால் திரையில் தோன்றும் கட்டளையை டெர்மினலில் இயக்கி, அது தரும் விடையைத் திரும்ப ஒட்ட வேண்டும். பிறகு அவர்களுடைய ஆதரவுக் குழு பார்த்து முடிவு சொல்ல மூன்று வேலை நாள்கள்வரை ஆகும். இவற்றுள் ஒன்றும் இல்லாதவருக்கு அவர்கள் கணக்கைத் திறந்து தருவதில்லை. மின்னஞ்சலை மட்டும் பழைய கணக்கிலிருந்து பிரித்துத் தருவார்கள். அதைக் கொண்டு புதிய கணக்குத் தொடங்கலாம்.

இதில் ஒரு முடிச்சு உண்டு. உங்கள் கிட்ஹப் கணக்கின் மின்னஞ்சல் அதே ஜிமெயில் என்றால், அது திறக்காமல் ஒரு முறைக் குறியீட்டைப் படிக்க முடியாது. ஆகவே கூகுள் முதலில், கிட்ஹப் அடுத்து என்றே திட்டமிடுங்கள்.

நாஞ்சில்நிரலன் | வியாழன், இரவு 8.50

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. எஸ்எஸ்ஹெச் வழியாக நிரலை அனுப்பிப் பார்த்தேன், தடையின்றிச் சென்றது. நேற்று இரவு வராத உறக்கம் இன்று வரும். நண்பகலில் டூப்ளிகேட் சிம் கிடைத்தது, சிஎஸ்ஆர் ரசீதும் கையில் உள்ளது. குறுஞ்செய்திக்காகக் காத்திருக்கிறேன்.

வைகைக்கரை ஐயா கேட்ட பழைய கைபேசி ஒன்று இருக்கிறது. திரையில் விரிசல் விழுந்ததால் நான் கைவிட்டதை அம்மா சிம் இல்லாமல் வைஃபையில் பாட்டுக் கேட்கப் பயன்படுத்துகிறார். அதில் என் கூகுள் கணக்கை நீக்கி அம்மாவின் கணக்கைச் சேர்த்துத் தந்திருந்ததால், அதனால் பயன் இராது என்றே எண்ணினேன். ஆனால் திறந்து பார்த்தபோது ஆத்தென்டிகேட்டர் செயலி அப்படியே இருந்தது. கைபேசி மாற்றியபோது கணக்குகளைப் புதிய கருவிக்கு ஏற்றுமதி செய்தபின் பழையதில் அவற்றை நீக்காமல் விட்டிருக்கிறேன். என் இரண்டு கணக்குகளின் பெயரும், பக்கத்தில் நொடிக்கு நொடி தேயும் வட்டமும், ஆறிலக்கக் குறியீடும் தெரிந்தபோது எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

அந்த மகிழ்ச்சி இரண்டு நிமிடம்கூட நீடிக்கவில்லை. கிட்ஹப்பில் குறியீட்டை இட்டால் தவறு என்கிறது. கூகுளிலும் அதே விடை. ஐயா சொன்னது நினைவுக்கு வந்ததால் இரண்டு முறையோடு நிறுத்திக்கொண்டேன். பழைய கருவியில் இருப்பது காலாவதியான குறியீடா?

மணல்மேடு | வியாழன், இரவு 9.30

இடையே ஓர் ஐயம், மன்னிக்கவும். சிம்தான் கிடைத்துவிட்டதே, புதிய கைபேசியில் சிம்மைப் போட்டு அதே செயலியை நிறுவினால் குறியீடுகள் தாமாக வந்துவிடாதா?

ஆறிலக்கம் | வியாழன், இரவு 11.05

மணல்மேடு கேட்டதற்கும் நாஞ்சில்நிரலன் கேட்டதற்கும் விடை ஒன்றுதான் என்பதால் சேர்த்தே எழுதுகிறேன்.

அந்தக் குறியீட்டை யாரும் உங்களுக்கு அனுப்புவதில்லை. அதற்குச் சிம்மோடும் தொலைபேசி எண்ணோடும் தொடர்பே இல்லை. வானூர்திப் பயன்முறையில் வைத்தாலும் செயலி குறியீட்டைக் காட்டிக்கொண்டே இருக்கும். நீங்கள் முதன்முதலில் படம்பிடித்த க்யூஆர் சதுரத்துக்குள் ஒரு ரகசியச் சாவி இருந்தது. அதன் ஒரு பிரதி தளத்திடமும் இன்னொரு பிரதி உங்கள் கைபேசியிலும் தங்கிவிட்டன. பிறகு இரு தரப்பும் தனித்தனியே ஒரே கணக்கைப் போடுகின்றன: 1970 ஜனவரி 1 முதல் கழிந்த நொடிகளை முப்பதால் வகுத்து, வந்த முழு எண்ணை அந்தச் சாவியோடு சேர்த்து அரைத்து, விளைவிலிருந்து ஆறு இலக்கங்களை எடுக்கின்றன. 2011இல் ஆர்எஃப்சி 6238 என்ற ஆவணமாக வெளியான முறை இது. பெரும்பாலான தளங்கள் இதையே பின்பற்றுகின்றன. சாவி தொலைந்த கைபேசியில் மட்டும் இருந்தால் புதிய சிம் அதைக் கொண்டுவராது. செயலியைக் கூகுள் கணக்கோடு இணைத்து மேகத்தில் ஒத்திசைக்கும் வசதி 2023 ஏப்ரலில் வந்தது. நாஞ்சில்நிரலன் அதை இயக்கவில்லை. இயக்கியிருந்தாலும் கூகுள் கணக்குக்கான குறியீடே அந்தக் கூகுள் கணக்குக்குள் இருந்திருக்கும். பெட்டியின் சாவியைப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டிய கதைதான்.

இந்த முறையில் சாவி காலாவதியாவது என்று ஒன்றில்லை. தளத்தில் நீங்கள் மாற்றாதவரை எத்தனை ஆண்டானாலும் அது செல்லும். அதனால் இரு தரப்பிலும் சாவி ஒன்றாக இருந்தும் குறியீடு வேறுபடுகிறது என்றால் மிஞ்சியிருப்பது நேரம் மட்டுமே. மறுபக்கத்துக் கடிகாரத்தோடு முப்பது நொடி, மிஞ்சினால் ஒரு நிமிடம் முன்பின்னாக இருந்தால் தளம் பொறுத்துக்கொள்ளும். அதற்கு மேல் சறுக்கினால் உங்கள் கைபேசி காட்டுவது எதிர்காலத்துக்கோ கடந்த காலத்துக்கோ உரிய குறியீடு.

அந்தப் பழைய கைபேசியில் சிம் இல்லை என்கிறீர்கள். அமைப்புகளில் தேதி, நேரம் பகுதிக்குப் போய், தானியங்கி நேரம் இயக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வைஃபையை இணைத்து அதை இயக்குங்கள். நேர மண்டலம் இந்தியா என்று இருக்க வேண்டும். பிறகு வட்டம் புதிதாகத் தொடங்கும் வேளையில் தோன்றும் குறியீட்டை இட்டுப் பாருங்கள். செயலியை நீக்கி மீண்டும் நிறுவும் எண்ணம் இருந்தால் கைவிடுங்கள்; நீக்கினால் சாவிகளும் போய்விடும்.

நாஞ்சில்நிரலன் | வெள்ளி, காலை 6.40

ஆறிலக்கம் அவர்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. கைபேசியின் நேரம் சரியாகப் பத்து நிமிடம் முன்னே இருந்தது. பழுது ஒன்றும் இல்லை. என் அம்மா வீட்டில் உள்ள எல்லாக் கடிகாரங்களையும் பத்து நிமிடம் முன்னே தள்ளி வைப்பவர். பேருந்தைத் தவறவிடக் கூடாது என்பது அவருடைய நாற்பதாண்டுக் கொள்கை. தானியங்கி நேரத்தை அணைத்துக் கைபேசியையும் அந்தக் கொள்கைக்குள் கொண்டுவந்திருக்கிறார். முப்பது நொடிக் கணக்கில் அது இருபது படிகள்!

நேரத்தைச் சரிசெய்தவுடன் கிட்ஹப் திறந்துவிட்டது. மின்னஞ்சல் குறியீடு எதுவும் கேட்கவில்லை. கடவுச்சொல்லும் ஆறிலக்கமும் போதுமானதாக இருந்தன. உள்ளே சென்றதும் முதல் வேலையாகப் புதிய மீட்புக் குறியீடுகளை எடுத்து அச்சிட்டேன், ஜிமெயில் அல்லாத இன்னொரு மின்னஞ்சலையும் கணக்கில் சேர்த்தேன்.

ஆனால் கூகுள் மட்டும் இன்னும் தவறு என்றே சொல்கிறது. ஒரே செயலியில், ஒரே நேரத்தில், ஒன்று செல்கிறது, மற்றொன்று செல்லவில்லை. இதற்குக் காரணம் என்ன?

கொங்குத்தறி | வெள்ளி, காலை 8.00

கூகுள்தான் முதலில் என்று நான் போட்ட திட்டம் தலைகீழானதில் எனக்கு மகிழ்ச்சியே. அந்தப் பழைய கைபேசியை இன்று அம்மாவிடம் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். புதிய கருவிக்கு கிட்ஹப் சாவியை மாற்றிய பிறகு கொடுக்கலாம்.

வைகைக்கரை | வெள்ளி, காலை 9.10

கைபேசி மாற்றியபோது கிட்ஹப்பை ஏற்றுமதி செய்தீர்கள், அதனால் இரு கருவிகளிலும் ஒரே சாவி இருந்தது. கூகுளுக்கு அப்படிச் செய்யாமல், கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தில் ஆத்தென்டிகேட்டர் செயலியை மாற்று என்பதை அழுத்திப் புதிய க்யூஆரைப் படம்பிடித்திருப்பீர்கள். அந்தக் கணமே பழைய சாவி செல்லாததாகிவிட்டது. உங்கள் காப்புக் குறியீடுகளுக்கு நேர்ந்ததும் இதுதான்: புதிய பத்தை உருவாக்கினால் பழைய பத்தும் இறந்துவிடும். ஆகவே பழைய கைபேசியால் கூகுளுக்குப் பயனில்லை. இனி அதில் முயல வேண்டாம்.

எஞ்சியிருப்பது முறையான கணக்கு மீட்பு. இன்று நண்பகலில் குறுஞ்செய்தி வரத் தொடங்கியதும் ஆரம்பியுங்கள். எங்கிருந்து, எதிலிருந்து முயல்கிறீர்கள் என்பதற்கு அங்கே மிகுந்த மதிப்பு உண்டு. வழக்கமாக நீங்கள் வேலை செய்யும் அதே மடிக்கணினி, அதே உலாவி, அதே வீட்டு இணைப்பு ஆகியவற்றையே பயன்படுத்துங்கள். குக்கிகளை அழித்தது இழப்புதான் என்றாலும் இடமும் இணைப்பும் இன்னும் உங்களுக்குச் சாட்சி சொல்லும். இருப்பிடத்தை மறைக்கும் விபிஎன் ஏதும் இருந்தால் அணைத்துவிடுங்கள். புதிய கைபேசியிலிருந்து, கடைத்தெருவில் நின்றுகொண்டு முயலாதீர்கள்.

கேள்விகளைத் தாண்டிச் செல்லாமல் இயன்றவரை விடை சொல்லுங்கள். முந்தைய கடவுச்சொல்லைக் கேட்டால் நினைவில் உள்ளதில் மிகச் சமீபத்தியதைக் கொடுங்கள். உறுதியில்லாவிட்டாலும் ஊகித்துச் சொல்லலாம், ஒரு விடை பிழையானதற்காக உங்களை வெளியே தள்ளிவிட மாட்டார்கள். முதல் மறுமொழியில் நான் ஊகிக்க வேண்டாம் என்றது ஆறிலக்கக் குறியீட்டை. அதையும் இதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். கல்லூரி முகவரிக்கு அனுப்பவா என்று கேட்டால் வேறு வழியைத் தேர்ந்து, மீட்பு எண்ணுக்கு வாருங்கள். உங்களைத் தொடர்புகொள்ள ஒரு மின்னஞ்சல் கேட்பார்கள். இப்போது திறக்க முடிகிற முகவரியைக் கொடுங்கள். இருபடிச் சரிபார்ப்பு உள்ள கணக்கை அவர்கள் உடனே திறந்துவிடுவதில்லை. நீங்கள்தான் என்று உறுதிப்படுத்த மூன்று முதல் ஐந்து வேலை நாள்கள் ஆகலாம். இடையில் மீண்டும் மீண்டும் புதிதாக விண்ணப்பிக்காமல் காத்திருங்கள். சனியும் ஞாயிறும் கணக்கில் சேராது என்பதால் அடுத்த புதனுக்கு முன் எதிர்பார்க்க வேண்டாம்.

நெறியாளர் | வெள்ளி, பிற்பகல் 1.20

கட்டணம் பெற்றுக்கொண்டு ஒரு மணி நேரத்தில் கணக்கை மீட்டுத் தருவதாக டெலிகிராம் முகவரியோடு இங்கே இடப்பட்ட ஒரு மறுமொழியை நீக்கியிருக்கிறோம். கணக்கு மீட்பு செய்து தருவதாகச் சொல்லும் எந்த வெளிச்சேவையோடும் கூகுளுக்குத் தொடர்பில்லை. தனிச்செய்தியில் இப்படி யாரேனும் அணுகினால் ஓடிபியையோ காப்புக் குறியீட்டையோ கொடுக்காமல் எங்களுக்குத் தெரிவியுங்கள். ஏற்கெனவே பணம் கொடுத்து ஏமாந்தவர்கள் தாமதிக்காமல் இணையக் குற்றப் புகார்களுக்கான 1930 என்ற எண்ணை அழைக்கவும். கேள்வி கேட்டவரும் தம் மின்னஞ்சல் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் எக்காரணம் கொண்டும் இத்திரியில் எழுத வேண்டாம்.

நாஞ்சில்நிரலன் | அடுத்த புதன், இரவு 7.30

வெள்ளி பிற்பகலில் விண்ணப்பித்தேன். மீட்பு எண்ணுக்கு வந்த குறியீட்டை இட்ட பிறகு, ஆய்வு செய்து தெரிவிப்பதாகச் செய்தி வந்தது. திங்களும் செவ்வாயும் ஒன்றும் வரவில்லை. மீண்டும் விண்ணப்பிக்கத் துடித்த கையை அடக்கிக்கொண்டேன். இன்று நண்பகலில் நான் கொடுத்திருந்த வேறு முகவரிக்கு இணைப்பு வந்தது, கணக்கு திறந்துவிட்டது. வாடிக்கையாளரின் வேலையைத் திங்களன்றே ஒப்படைத்தும்விட்டேன்.

உள்ளே நுழைந்ததும் தொலைந்த கைபேசியைக் கருவிகள் பட்டியலிலிருந்து வெளியேற்றினேன், மீட்பு மின்னஞ்சலை மாற்றினேன், கடவுச்சொல்லுக்குப் பதிலாகக் கருவியைக் கொண்டே நுழைய உதவும் பாஸ்கீ ஒன்றை மடிக்கணினியில் உருவாக்கினேன். ஆத்தென்டிகேட்டருக்கான புதிய க்யூஆர் திரையில் இருந்தபோதே அதைப் புதிய கைபேசியிலும் பழையதிலும் ஒன்றன்பின் ஒன்றாகப் படம்பிடித்தேன். இரண்டிலும் ஒரே எண் ஓடுகிறது. காப்புக் குறியீடுகளையும் புதிதாக எடுத்துப் படம் பிடித்துவைத்திருக்கிறேன். இது போதுமா?

ஆறிலக்கம் | அடுத்த புதன், இரவு 8.15

படம் எங்கே சேமிக்கப்படுகிறது என்று பாருங்கள். அது கூகுள் ஃபோட்டோஸில் ஏறியிருந்தால் மறுபடியும் பெட்டிக்குள் சாவிதான். அதோடு, கணக்கு பிறர் கைக்குப் போனால் அவர்களுக்குக் காப்புக் குறியீடும் சேர்ந்தே கிடைக்கும். அழித்துவிட்டுத் தாளில் அச்சிடுங்கள். எந்தத் தளத்துக்கு உரியது, என்று எடுத்தது என்பதைத் தலைப்பில் எழுதுங்கள். ஒன்றைப் பயன்படுத்தினால் அதைக் கோடிட்டு அடியுங்கள். புதிய தொகுதி எடுத்த அன்றே பழைய தாளைக் கிழித்துவிடுங்கள், இல்லையென்றால் அடுத்த முறையும் செத்த குறியீடுகளைத்தான் இட்டுப் பார்ப்பீர்கள்.

மணல்மேடு | அடுத்த புதன், இரவு 8.40

தாள் திருடுபோனால் என்ன செய்வது? எனக்கு இது பாதுகாப்பாகத் தோன்றவில்லை.

வைகைக்கரை | அடுத்த புதன், இரவு 9.05

தாளை எடுத்தவருக்கு உங்கள் கடவுச்சொல்லும் தெரிந்தால்தான் பயன். வீட்டுப் பீரோவைத் திறக்கும் திருடன் நகையைத் தேடுவானே தவிர எட்டிலக்க எண்கள் எழுதிய தாளைத் தேட மாட்டான் என்பது என் எண்ணம். கடவுச்சொல்லை மட்டும் அதே தாளில் எழுதிவைக்காதீர்கள். என் குறியீடுகள் நிலப் பத்திரங்கள் இருக்கும் உறைக்குள் உள்ளன. என் மனைவிக்கும் அது தெரியும்.

நாஞ்சில்நிரலன் | அடுத்த புதன், இரவு 9.50

படத்தை அழித்துவிட்டேன். அச்சிட்ட தாள் குடும்ப அட்டையோடு பீரோவுக்குள் போய்விட்டது. பழைய கைபேசியை அம்மாவிடம் திருப்பிக் கொடுத்து, அதில் நேரத்தை மட்டும் மாற்ற வேண்டாம் என்று காரணத்தோடு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். சற்று முன் கூடத்துக்குப் போய்ப் பார்த்தேன். சுவர்க் கடிகாரம் இப்போது பதினைந்து நிமிடம் முன்னே ஓடிக்கொண்டிருக்கிறது.